காஞ்சிபுரத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்

இந்த ஊரில் உடம்பு தேறியவர்கள் நர்சுக்கு நன்றி சொல்கிறார்கள். வாயால் சொன்னது போதாதென்று சாக்லேட் டப்பாவும் பூங்கொத்தும் வேறு. லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிமோனியாவிலிருந்து பிழைத்த ஒரு கிழவர் வீட்டுக்குக் கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீதான் என் உயிரைக் காப்பாற்றினாய்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "ஐயையோ, நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று பதறிச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. வார்டு சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒருவர் நன்றி சொன்னால் சந்தோஷம் என்று சொல்லி வாங்கிக்கொள். ஒன்றுமே செய்யவில்லை என்றால் உனக்கு எதற்குச் சம்பளம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் அன்றைக்கு ஆங்கிலத்தில் பதில் இல்லை.

தமிழில் இருந்தது. எனக்குச் சொந்த ஊர் தாமல். காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெரிய ஏரி இருக்கிற ஊர். ஏரித் தண்ணீர் பாய்கிற நிலமெல்லாம் ஊராருடையது, அதில் இறங்கி வேலை செய்தவர்கள் எங்கள் ஆட்கள். மிஷன் பள்ளிக்கூடம் புண்ணியத்தில் நான் படித்தேன், மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுப் பயிற்சி முடித்தேன். பிறகு அறுபதுகளின் பாதியில் பெரியம்மைத் தடுப்பூசி போடுகிற வேலைக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் சேர்ந்தேன். அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடமே, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். எங்கள் பக்கத்தில் அம்மை என்பது நோய் இல்லை, வீட்டுக்கு வந்திருக்கும் அம்மா. அவளாக வருவாள், அவளாக இறங்குவாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்த பிறகும், "நான் குணமாக்கினேன்" என்று எந்த வைத்தியனும் சொல்லமாட்டான். சொன்னால் அவளை மறுபடியும் கூப்பிட்டதாக ஆகும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எனக்கும் அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. யாராவது பிழைத்துக்கொண்டால், "அம்மா எறங்கிட்டாங்க, நான் இன்னா பண்ணேன்" என்பதுதான் எங்கள் மரியாதை. சர்க்கார் டாக்டர்கூட அப்படித்தான் சொல்வார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எழுபதுகள் பிறந்த பிறகு இங்கே லீட்ஸில் எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ். உலக சுகாதாரத் துறையில் வேலைகள், தொண்டு வாய்ப்புகள், விருப்பமுள்ளவர்கள் டவுன் ஹால் கூட்டத்துக்கு வரலாம் என்று போட்டிருந்தது. போனேன். மேசை மேசையாக வரிசை. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு போஸ்டர், போஸ்டரில் விலா எலும்பு தெரியும் ஒரு குழந்தை. டாக்டருக்கு ஒரு மேசை, லாப் வேலை தெரிந்தவருக்கு ஒரு மேசை, படிப்பு முடியாத மாணவர்கள் விடுமுறையில் போய் வர ஒரு மேசை. தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். "எனக்கு அனுபவம் எதுவும் இல்லையே" என்று ஒரு இளைஞன் கேட்டான். "ஆர்வம் இருந்தால் போதும், மற்றதை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்" என்றார்கள். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. எங்கே போய்க் கற்றுக்கொள்வான்? யார் உடம்பில்? இதே லீட்ஸில் ஒரு கிழவியின் புண்ணில் போட்ட கட்டை அவிழ்க்க அவனை விடுவார்களா? எங்கள் ஆட்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது இவர்களுக்கு வாய்ப்பு. அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள், வாய்ப்பு என்றே.

கோபத்தோடு திரும்பப் போனவளைக் கடைசி மேசை நிறுத்தியது. காஞ்சிபுரம் என்று எழுதியிருந்தது. சுற்றியுள்ள கிராமங்களில் தாய் சேய் நலம், தடுப்பூசி; நர்சிங் மேற்பார்வையாளர் ஒருவர் தேவை. ஜீப் உண்டு. மேசையில் இருந்த அம்மாளிடம், "இது என் ஊர்" என்றேன். அவள் ரொம்பச் சந்தோஷப்பட்டு, "அப்படியானால் போகிறவர்களுக்கு நீ நிறையச் சொல்லித் தரலாம்" என்றாள். நானே போகலாம் என்பது அவள் யோசனையில் இல்லவே இல்லை. நான் மனுத்தாளைக் கேட்டு வாங்கினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் தொண்டு செய்யவேண்டும் என்று உருகி நான் மனுப் போடவில்லை. ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றியுள்ள நெசவுத் தெருக்களில் நான் ஊசி போட்ட விதம் எனக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் என்னை விடமாட்டார்கள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருக்கும். நான் தெருவில் நிற்பேன். வாசல் நிலைக்கு வெளியே கை மட்டும் வரும். வளையல் போட்ட கை, சாயம் ஏறிய கை, குழந்தையின் கை. முகம் பார்க்காமல் நான் ஊசி குத்திய கைகள் எத்தனையோ. குத்தி முடித்ததும் கை உள்ளே போகும், உடனே சொம்பில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். என் விரல் பட்ட தீட்டைக் கழுவுகிறார்கள். தீட்டோடு மருந்தும் போய்விடும். "அம்மா, கழுவாதீங்கமா, காயட்டும்மா" என்று வாசலில் நின்று கெஞ்சுவேன். "இன்னா பொண்ணே, தொட்டதோட உள்ள போவ சொல்றியா?" என்று ஒரு குரல் கேட்கும். ஒரு வீட்டில் அப்படிக் கழுவிக் கழுவியே, ஒரு குழந்தைக்கு மருந்து பிடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. தாய் உள்ளே அழுதாள், நான் தெருவில் அழுதேன். அவளுக்கு ஆறுதல் சொல்லக்கூட என்னால் படியேற முடியவில்லை.

அதனால்தான் எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஜீப்பில் போய் இறங்கவேண்டும். மேற்பார்வையாளர் என்று சொல்லி, அந்த வீடுகளுக்குள்ளே போய், அந்தப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து ஊசி போடவேண்டும். இதில் தொண்டு எவ்வளவு, ரோஷம் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்கவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் ஒரு காலத்தில் இந்தியாவில் ராணுவ டாக்டராக இருந்தவராம். மரியாதையாகத்தான் பேசினார். "பெரியம்மை வேலையில் நீ என்ன சாதித்தாய்?" என்று கேட்டார். என் வாய் இருக்கிறதே, அது அந்த நேரத்தில் லீட்ஸை மறந்துவிட்டது. "நான் எதுவும் செய்யவில்லை, சார். அது தானாக இறங்கிவிட்டது" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உன் பங்கு என்ன?" என்று வேறு விதமாகக் கேட்டார்கள். "நாங்கள் போனோம், இன்ஸ்பெக்டர் சொன்னதைச் செய்தோம்" என்றேன். கோயில் தெருவையெல்லாம் வெயிலில் அலைந்து தீர்த்தவள் நான். கழுவாமல் காயவிட்டவர்கள் எல்லோரும் என் கெஞ்சலில் பிழைத்தவர்கள். அதை 'நான்' என்று தொடங்கிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் எங்கேயோ ஒரு வாசலில் மறுபடி வேப்பிலை செருகவேண்டி வரும் என்று உள்ளே ஒரு பயம். வெளியே வந்த பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆனால் என் அடக்கத்தால் மட்டும் அந்த வேலை போகவில்லை. கடைசியில் பெரியவர் மிகவும் தன்மையாகச் சொன்னார்: "இந்தத் திட்டத்தின் நோக்கம் இங்கிருந்து ஆட்களை அங்கே அனுப்புவது. உனக்கு அது வெளிநாடு இல்லையே. நீ வீட்டுக்குப் போகிறாய். அங்கேயே போய் மனுப் போட்டால் உள்ளூர் ஊழியராக எடுத்துக்கொள்வார்கள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படும்."

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களே, என்னைப் போல இங்கே வந்து கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, இந்த நியாயத்தைக் கொஞ்சம் பாருங்கள். இவர்கள் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்க ஆள் இல்லாதபோது என்னைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தார்கள். நீ எந்த ஊருக்கு உள்ளூர் ஆள் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று யார் டியூட்டி பார்ப்பது என்று வந்தால் நான் இந்த ஊர் ஆள். பதவி உயர்வு என்று வந்தால் நான் அந்த ஊர் ஆள். இங்கிருந்து அங்கே போனால் அவர்களுக்குப் பெயர் நிபுணர். அங்கிருந்து இங்கே வந்து, திரும்ப அங்கே போனால் எனக்குப் பெயர் மொழிபெயர்க்கிற பெண். இப்படிப்பட்ட வேலைக்கு நீங்களும் மனுப் போடுங்கள். போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டால் கூசாமல் 'நான்' என்று சொல்லுங்கள். அம்மா கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பு.

அந்த வேலை சூசனுக்குக் கிடைத்தது. எங்கள் வார்டிலேயே என்னோடு வேலை பார்த்த பெண், படிப்பு முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவளை வெறுக்க நான் எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை. நல்ல பெண், நோயாளிகளிடம் பிரியமானவள். நான் மனுப் போட்டதும் அவளுக்குத் தெரியாது. காபி இடைவேளையில் வந்து உட்கார்ந்து, 'வலிக்குதா', 'பயப்படாதீங்க' என்பதையெல்லாம் என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்தாள். "எனக்கு அங்கே வீடு கிடைக்குமா? எந்தத் தெருவில் கேட்கலாம்?" என்றாள். "நீ எந்தத் தெருவில் கேட்டாலும் கொடுப்பார்கள்" என்றேன். அவள் அதை எங்கள் ஊரின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு, "எவ்வளவு அன்பான ஜனங்கள்!" என்றாள். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனேன்.

இந்த வருஷம் விடுப்பில் ஊருக்குப் போனேன். அம்மாவோடு நாலைந்து நாள் இருந்துவிட்டு, சூசனைப் பார்க்கலாமென்று தாமலிலிருந்து பஸ் ஏறிப் பெரிய காஞ்சிபுரம் போனேன். நெசவுத் தெருவில் ஒரு வீட்டு மாடியில் அவளைக் குடிவைத்திருந்தார்கள். பகல் நேரம், தெருவெல்லாம் தறிச் சத்தம். கதவைத் தட்டினேன். வீட்டுக்கார அம்மாள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரும்மா? இன்னா வேணும்?"

"மாடியில இருக்கற நர்சம்மாவப் பாக்கணும்."

"துணி ஒணத்திக்கினு இருக்குது. அப்பிடி ஓரமா நில்லு, கூப்புட்றேன்."

அவள் கூப்பிடுவதற்குள் சூசனே மாடிப்படியில் என்னைப் பார்த்துவிட்டாள். கைத்தறிப் புடவை, வெறுங்கால். "எஸ்தர்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு பெருமையோடு வீட்டுக்காரியிடம் திரும்பி, அவளுடைய தமிழில் சொன்னாள்: "அம்மா, இவங்க எங்க ஊரு! லீட்ஸ்! எங்க ஆஸ்பத்திரி!"

வீட்டுக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயே, மொதல்லியே சொல்லக் கூடாதா? சீமையிலேர்ந்து வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சிட்டேனே! உள்ள வாம்மா, உள்ள வா. காப்பி போட்றேன்."

நான் குனிந்தேன். லீட்ஸில் வாங்கிய செருப்பு, வார் இறுக்கமானது. ஒரு காலை அவிழ்த்து எடுத்தேன். அதற்குள் அவள் ஆசையாகக் கேட்டாள்: "தமிழு நல்லா பேசறியேம்மா, பூர்வீகம் எந்த ஊரு?"

"தாமல்."

"அட, தாமலா! எங்க மச்சாண்டார் பொண்ண அங்கதான் குடுத்துக்கிறோம். தாமல்ல எந்தத் தெரு?"

ஏதாவது ஒரு தெருப் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உள்ளே போயிருக்கலாம், தறியைப் பார்த்திருக்கலாம், அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து காபி குடித்திருக்கலாம். அதற்குத்தானே அவ்வளவு ஆசைப்பட்டேன். ஆனால் அப்படி உள்ளே போயிருந்தால், போனவள் சூசனுடைய ஊர்க்காரியாக இருந்திருப்பாள், நான் இல்லை.

"தெரு இல்லம்மா. சேரி" என்றேன்.

அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "பாலு இருக்குதான்னு பாக்கணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

"அவர்களிடம் என்ன சொன்னாய்?" என்று சூசன் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன்."

"சரி, உள்ளே வா. ஏன் அங்கேயே நிற்கிறாய்?" அவள் உள்ளே போய், வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினாள். நான் வெயிலில் சுடுகிற படிக்கல்லின் மேல் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் நின்றுகொண்டிருந்தேன்.