டாக்டர் சுகந்தி சொல்லாமல் வைத்துக்கொண்டது

மாடம்பாக்கம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி தாமதத்துக்கும் காணாமல் போன பூனைக்கும் நடுவே அந்தச் செய்தி வந்தது: டாக்டர் சுகந்தி காலமானார். கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. எனக்கு அழுகை வரவில்லை. ‘ரேவதி விஷயம் இனி யாருக்குத் தெரியும்?’ என்றுதான் தோன்றியது. அவரை அறிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். என்னை அறிந்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ரேவதி என் அக்கா மகள். அவள் அண்ணன் நந்துவுக்கு முப்பதை நெருங்குகிறது. ஷூ லேஸை இன்னும் அம்மாதான் கட்டிவிட வேண்டும். பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாடு. தன் லேபில் ரத்தத்தைச் சோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் டாக்டர் சுகந்தி. “மூளைச் செல்லுக்கு வெளியிலேருந்து சேதி வரும், காலிங் பெல் மாதிரி. போதும்னு அடக்க உள்ளே ஒரு புரதம் இருக்கணும். இவனுக்கு அதைச் செய்யற ஜீன் தூங்குது. பெல் அடிச்சுக்கிட்டே இருக்கு. காதைப் பொத்திக்கிட்டா திட்டாதீங்க” என்றார்.

“இது அம்மா வழியா வர்றது” என்றதும் அக்காவின் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பம்மல்காரர். “நான் அப்பவே சொன்னேன். எல்லாம் பொண்ணு எடுத்த வூட்டு வினை.”

டாக்டர் சிரிக்கவே இல்லை. “உங்க பையனுக்கு முப்பதுலயே வழுக்கை. யார் மேல கேஸ் போடலாம்மா?”

அன்றைக்குத்தான் பல வருஷம் கழித்து அக்கா வயிறாரச் சாப்பிட்டாள்.

கல்யாணத்துக்கு முன் ரேவதியும் ரத்தம் கொடுத்தாள். அந்த மரபணுக் குறை அவளிடமும் இருந்தால் பிள்ளைக்குப் போகலாம். முடிவு வந்த அன்று, “இப்ப வேண்டாம் ஆன்ட்டி. நானா கேட்கிற வரைக்கும் சொல்லாதீங்க” என்றுவிட்டாள். டாக்டர் சரி என்றார். அவ்வளவுதான்.

எனக்குத் தாங்குமா? எதிர்வீட்டு வாட்ச்மேனின் மாமனார் பெயர் வரை தெரிந்துவைத்திருப்பவன் நான். தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் அவரோடு நெருக்கியடித்து வரும்போது, “வாயால சொல்ல வேணாம் டாக்டர், தலையை மட்டும் ஆட்டுங்க” என்றேன்.

“ரோடு இருக்கிற லட்சணத்துக்கு எப்படியும் ஆடும் சார். நம்பிடாதீங்க.” பிறகு தணிந்த குரலில், “தெரிஞ்சுக்கிறது அவ உரிமை. தெரிஞ்சுக்காம இருக்கிறதும்தான்.”

கல்யாணப் பந்தியில் கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அது சந்தோஷமா, வெறும் பசியா என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறேன்.

இப்போதும் அவர் என்னை விடவில்லை. போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், செடிக்காரர் பக்கத்தில் அதே நரைத்த கொண்டை. கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். திரும்பிய முகம் வேறு யாருடையதோ. சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார், முகத்தில் எதையும் காட்டாமல்.

ரேவதி முழுகாமல் இருக்கிறாள். நேற்று போன் செய்தாள். “மாமா, இந்த வாரம் ஆன்ட்டிகிட்ட கேட்டுடலாம்னு இருந்தேன்.” “அவங்க லேபும் எப்பவோ மூடியாச்சு. வேற இடத்துல மறுபடி ரத்தம் கொடுக்கணும். இவரு ஊர்ல இல்ல. வர்றீங்களா?”

நாளை போகிறோம். முடிவு வரும் அன்றைக்கும் போவேன். மருத்துவர் அறையிலிருந்து அவள் வெளியே வரும்போது முகத்தைத் துருவாமல், ஒரு வார்த்தை கேட்காமல், கூடவே படியிறங்க வேண்டும். டாக்டர் சுகந்தியிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்வது அது ஒன்றுதான். இந்த வயதில் எனக்கு அது வருமா, தெரியவில்லை.