நின்றால் கொட்டும் குளவி

நான் நாலாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டு டிவிக்குள் ஒரு குளவி இருந்தது. பெரியப்பா மகன் விளையாடிச் சலித்துக் கொடுத்த வீடியோ கேமின் மூன்றாம் கட்டத்தில், காட்டுக்கோயில் வாசலில் அது வட்டமடித்துக்கொண்டே இருக்கும். வாள் பிடித்த நம் வீரன் ஒரு நொடி நின்றால் போதும், நேரே வந்து முகத்தில் கொட்டிவிடும். ஓடிக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம். அந்த வயதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

அத்தைக்கு அது வரவே வராது. அப்பாவின் தங்கை அவள். போலீஸ் வேலையில் சேரத் தினமும் காலையில் வடகரைக் குளத்தங்கரையில் மூச்சு வாங்க ஓடுகிறவள், டிவியில் குளவியைக் கண்டதும் பட்டனை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள். "நின்னா கொட்டிரும் அத்தை, ஓடு, ஓடு!" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போகும்.

சாரல் தொடங்கிய சமயத்தில் அவளைப் பெண் பார்க்கப் புளியறையிலிருந்து வருவதாக முடிவானது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணைப் பார்த்துவிட்டு, அப்படியே ஐந்தருவியில் குளித்துவிட்டுப் போவார்களாம். சீசனில் எங்கள் பக்கம் அப்படித்தான், ஒரே வேனில் இரண்டு காரியம் முடிந்துவிடும். போலீஸ் ஓட்டத் தேர்வு அதற்கு அடுத்த வாரம்.

"அவங்களுக்குப் பிடிச்சிட்டுன்னா அன்னைக்கே பூ வச்சிருவோம். ஓட்டமெல்லாம் இத்தோட போதும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நன்றாகச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனாள். மோட்டார் ரூம் கூரைக்கடியில் கையகலத்துக்கு ஒரு குளவிக்கூடு.

"டிவில பெரிய இவ மாதிரி குதிக்கியே, எங்க, அந்தக் கூட்டுல ஒரு கல்லு எறி பாப்போம்."

முதல் கல்லே பட்டது. எனக்கு என்ன பெருமை! அடுத்த நொடி ங்கொய் என்று இரைச்சல். கேமில் ஓடுவதுபோலவே தென்னைகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அத்தை நின்ற இடத்திலேயே நிற்கிறாள். இந்தத் தடவை முகத்தைக்கூட மூடவில்லை. "ஓடு அத்தை, ஓடு!" என்று கத்தினேன். ஓடவே இல்லை. பாவி மகள் பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஒரு கண் மூடிக்கொண்டது, உதடு இட்லி அளவுக்கு வீங்கியிருந்தது. "எப்ப வத்தும்?" என்று அத்தை கேட்டாள். மூன்று நாளாவது ஆகும் என்றார் நர்ஸ். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கூடு எப்படிக் கலைந்தது என்று அவர் கேட்டதற்கு, தென்னை மட்டை விழுந்தது என்று அத்தை சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் போனில் விவரம் கேட்டுக்கொண்டு, ஐந்தருவியில் மட்டும் குளித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் போனும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நின்னா கொட்டிரும்னு எத்தன வாட்டி சொல்லித் தந்தேன்! ஏன் அத்தை நின்ன?"

"ஏட்டி, நீ சொல்லித் தந்ததாலதான நின்னேன்" என்று வீங்கிய உதட்டோடு சிரித்தாள்.

எனக்குக் கோபமான கோபம். ஓடுவதற்காகச் சொன்னதை நிற்பதற்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாளே! இவ்வளவு மந்தமாக இருந்தால் இவளை எந்தப் போலீஸில் எடுப்பார்கள் என்று உண்மையாகவே கவலைப்பட்டேன்.