காற்றுப் பிரியும்வரை

கோம்பையில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் உழுதுகொண்டிருந்தபோது பவர் டில்லர் கல்லில் ஏறித் துள்ளியது. அதன் கைப்பிடி என் அடிவயிற்றில் ஓங்கி இடித்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஒன்றுமில்லை என்று வேலையைத் தொடர்ந்தேன்.

சாயங்காலம் வயிறு வலித்தது. எங்கள் பக்கத்தில் வயிற்றுவலி என்றாலே குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தேய்த்துத் தட்டுவார்கள். நானும் போய்ப் படுத்தேன். தட்டியவர் கை வைத்ததும் உயிரே போய் வந்தது. மறுநாள் வயிறு பலகையாக இறுகி, காய்ச்சல் கொதித்தது. அடிபட்ட வயிற்றைத் தயவுசெய்து யாரையும் தேய்க்க விடாதீர்கள்.

தேனியில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடல் கிழிந்து பெரிட்டோனைட்டிஸ் (குடலில் இருப்பது கசிந்து வயிற்றறை முழுவதும் சீழ் பிடிப்பது) ஆகியிருந்தது.

"பொழச்சுக்கிருவாகளா டாக்டர்?" என்று என் மனைவி செல்வி கேட்டாள்.

"வெட்டித் தைக்கிறது எங்க வேலைம்மா. தையல் தாங்கி, குடல் மறுபடி வேலை செய்யணும். அதுக்கப்புறம்தான் சொல்ல முடியும்."

கிழிந்த பகுதியை எடுத்துவிட்டு அனஸ்டமோசிஸ் (குடலின் இரு முனைகளை இணைத்துத் தைப்பது) செய்தார்கள். மூக்கில் குழாய். வாய்க்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

அதன்பின் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். காற்றுப் பிரிந்ததா? குடல் விழித்ததற்கு அது ஒரு நல்ல அடையாளமாம். என் மாமனார் முன்னால் தும்மக்கூட யோசிப்பவன் நான். அவர் கட்டில் அருகில் வந்து நின்று, "மாப்ள, காத்து பிரிஞ்சுச்சா?" என்றார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. தையல் விட்டுப்போனால் வயிற்றை மறுபடி திறக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இன்னொரு முறை என் உடம்பு தாங்காது என்று எனக்கே தெரிந்தது. நான் ஒவ்வொரு முறை இல்லை என்னும்போதும் செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு காலையில் நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, கூச்சநாச்சம் பார்க்காமல் சத்தமாகவே பிரிந்தது. செல்வி அழுதாள். அழுதுகொண்டே அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, "பிரிஞ்சிருச்சுப்பா! நல்லா சத்தமாவே!" என்றாள். வார்டே சிரித்தது. தையலைக் கையால் அமுக்கிக்கொண்டு நானும் சிரித்தேன்.

இப்போது தோட்டத்துக்குப் போகிறேன். பளு தூக்குவதில்லை. முன்பெல்லாம் வேலை முடிந்தால்தான் சாப்பாடு. இப்போது வயிறு கேட்கும் நேரமே எனக்கு நேரம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கையில் வயிற்றுக்குள் கடமுட என்று கேட்டால் செல்வி டிவியின் சத்தத்தைக் குறைக்கிறாள். இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது அடங்கும்வரை அவள் சத்தத்தைக் கூட்டுவதில்லை.