லா ஷாப்பலிலிருந்து ரூவான் வரை ஓர் எண்ணெய் லாரியில்

பாரிஸுக்குப் போயும் ஈஃபில் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்பியவன் என்று வீட்டில் இன்னும் என்னைக் கேலி செய்கிறார்கள். 2023 அக்டோபரில் அங்கே எனக்கு ஆறு நாட்கள் கிடைத்தன. அதில் ஒரு முழு நாளை வடை சுட்ட எண்ணெயோடு கழித்தேன். மதுரையில் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பழைய சமையல் எண்ணெய் டீசலாவதைப் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. அதனால் எண்ணெய் சேகரிக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். லாரியில் கூடப் போக அனுமதி தந்தார்கள்.

காலை 6.40க்கு, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷாப்பலில் மெட்ரோவிலிருந்து இறங்கினேன் (டிக்கெட் 2.10 யூரோ). ஓட்டுநர் யூட் வாசலிலேயே நின்றார். மன்னார்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். இன்னும் மூன்று நாளில் அவருடைய சோதனைக்காலம் முடிகிறது. வேலை உறுதியானால்தான் ஊரில் இருக்கும் மனைவி மரீனாவை அழைக்க விண்ணப்பிக்க முடியும். கை குலுக்கிய இரண்டாவது நிமிடமே இதைச் சொல்லிவிட்டார். சந்தோஷத்தை ஒளித்துவைக்கத் தெரியாத மனிதர். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

கடை கடையாக நின்று நிரம்பிய பீப்பாயை ஏற்றி, காலிப் பீப்பாயை இறக்கினோம். ஜெயா அக்காவின் சாப்பாட்டுக் கடையில் இரண்டு வடை கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். மொத்தம் பதினொரு பீப்பாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். ‘இது சமைத்து மிஞ்சிய எண்ணெய் மட்டுமே’ என்று அதில் இருக்கும். தொழிற்சாலையில் இறக்கும்போது ஓட்டுநர் கையெழுத்திட வேண்டும்.

7.50க்குக் கிளம்பினோம். ரூவான் 140 கிலோமீட்டர். நகரம் விலகியதும் பனிமூட்டம் சாலையை மூடிக்கொண்டது. சேன் நதி இடப்பக்கம் வந்தது, காணாமல் போனது, பிறகு வலப்பக்கம் வந்தது. மரங்கள் தரையில்லாமல் நின்றன. வண்டியில் லேசாகப் பலகார வாசனை. என் கையிலிருந்த வடையாகவும் இருக்கலாம். அரைத்தூக்கத்தில், நான் போவது இன்னொருவர் காணும் கனவுக்குள் என்று தோன்றியது.

அந்த லாரி ஓடுவதே முழுக்கத் தாவர எண்ணெய் டீசலில்தான். என் காருக்கும் இதைப் போட முடியுமா என்று கேட்டேன்.

“ஏலாது அண்ணை. இதை ரோட்டுப் பெற்றோல் செட்டில விக்க விடமாட்டினம். சொந்த லொறியும் சொந்தத் தாங்கியும் வைச்சிருக்கிற கொம்பனிகளுக்கு மட்டுந்தான். மற்றாக்களுக்கு, சாதாரண டீசலுக்கை ஏழு வீதம் வரைக்கும் கலந்து வரும்.”

ஹைட்ரஜன் செலுத்திச் செய்யும் புதுப்பிக்கத்தக்க டீசல் என்று இன்னொன்று உண்டு. பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். அதற்குத் தனி விதிகள்.

9.05க்கு ஓய்விடத்தில் காப்பி (2.40 யூரோ). அப்போது யூட்டின் தொலைபேசி ஒலித்தது. ஜெயா அக்கா. எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

“யூட், நான் ஒரு வேலை செய்துபோட்டன். நவராத்திரி முழுக்க அம்மனுக்கு எரிச்ச விளக்கில மிஞ்சின எண்ணெயை உந்தப் பீப்பாவுக்கையே ஊத்திப்போட்டன். ஒரு மூண்டு லீற்றர் வரும். சாமிக்கு எரிச்சதைச் சிங்குக்கை ஊத்த மனம் வரேல்லை. பிழையோ?”

யூட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். நான்தான் முந்திக்கொண்டேன். “அதுவும் எண்ணெய்தானே, ரசாயனத்துல ஒண்ணும் ஆகாது, விடுங்க” என்றேன். பாடம் எடுக்கிற புத்தி.

“எண்ணெய்க்கு ஒண்டும் ஆகாது அண்ணை. கடதாசிக்குத்தான் பிரச்சினை. சமைச்சு மிஞ்சினது எண்ட அந்தச் சொல்லுக்குத்தான் அரசாங்கம் சலுகை குடுக்குது. கண்ட எண்ணெயையும் அந்தப் பேரில விக்கக்கூடாது எண்டுதான் சட்டம். நான் இப்ப தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வைக்கவேணும்.”

“சொன்னா உங்க வேலை என்னாகும்?”

“அதுதான் தெரியேல்லை.”

மீண்டும் வண்டியில் ஏறினோம். பனி விலகி வெயில் வந்தது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. 10.20க்குத் தொழிற்சாலை வாசல். பத்துத் தாள்களில் கையெழுத்திட்டார். பதினொன்றாவதைத் தனியே எடுத்து, சோதிக்கும் பெண்ணிடம் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னார். அவள் அந்தப் பீப்பாயில் சிவப்புத் தாள் ஒட்டி, இறக்காமல் விட்டுவிட்டாள். பிறகு யூட்டே முதலாளியை அழைத்தார். ‘வி, வி’ (ஆம், ஆம்) என்பது மட்டும் எனக்குக் கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் இளமஞ்சளாக டீசல் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் பார்க்க மனமில்லை. ‘விடுங்க’ என்று சொன்னதற்கு வெட்கமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: நிறுவனத்துக்கு மூன்று வாரம் முன்பே எழுதுங்கள், அனுமதியைக் கையில் வைத்திருங்கள். மூடிய காலணி அவசியம். தொழிற்சாலைக்குள் விடமாட்டார்கள், கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. மதியம் 2.15க்கு லா ஷாப்பல் திரும்பிவிடலாம். பழைய எண்ணெயை நேராகக் காரில் ஊற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். என்ஜினும் கெடும், வரிச் சட்டமும் பிடிக்கும்.

பிறகு ஜெயா அக்கா, நிறுவனத்தின் அலுவலகம் இருக்கும் ஒபர்வில்லியேக்கு நேரில் போய்ப் பிழை தன்னுடையது என்று சொல்லிப் பார்த்தாராம். முதலாளி யூட்டை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் சோதனைக்காலத்தை இன்னும் இரண்டு மாதம் நீட்டிவிட்டார். மரீனாவின் விண்ணப்பமும் அதோடு தள்ளிப்போனது. மரீனாவிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று யூட்டைக் கேட்டேன்.

“உள்ளதைச் சொன்னனான் அண்ணை. அதுக்கு அவ, ‘பொய்யெண்டு தெரிஞ்சு கையெழுத்து வைக்கேல்லைத்தானே? அப்ப விண்ணப்பத்தில என்ர பேரையும் அந்தக் கையாலயே எழுதுங்கோ, அதுவரைக்கும் நான் இருக்கிறன்’ எண்டவ.”