உன் ஈக்களை நான் பார்த்துக்கொள்கிறேன்

எங்கள் வீட்டில் என் ஆராய்ச்சிக்கு ஒரே பெயர்தான்: ஈ ஓட்டுகிற வேலை. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் குடியிருந்து ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, யாராவது விசாரித்தால், "பெரியவ பேங்க்ல இருக்கா, சின்னவ ஈ ஓட்டறா" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களை வளர்த்து, எண்ணி, கலப்புச் செய்து, எப்படியாவது ஒரு பிஎச்.டி. வாங்கிவிடப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேஜை அவளுடையது. ஆம்பூர்க்காரி, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என்னைவிட நல்ல கை அவளுக்கு. நான் அரை மணி நேரம் மயங்கவைத்து, தூரிகையால் புரட்டிப் புரட்டிப் பிரிக்கிற ஈக்களை அவள் பத்தே நிமிடத்தில் ஆண் வேறு, பெண் வேறு என்று ஒதுக்கிவிடுவாள். இரண்டரை வருடம் ஆயிரக்கணக்கான ஈக்களைச் சலித்து, கடைசியில் வாசனையே தெரியாத ஒரு வம்சத்தைக் கண்டுபிடித்திருந்தாள். வாழைப்பழத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாலும் அவை திரும்பிப் பார்க்காது. "பிரியாணி ஊர்ல பொறந்துட்டு இப்படி மூக்கு செத்த ஈயத் தேடிப் பிடிச்சிருக்கியேடி" என்று நான் கிண்டல் செய்வேன். அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்த வம்சம் சரியான நோஞ்சான். நல்ல ஈக்களைக் குப்பியில் விட்டால் இரண்டு வாரம் கவலையில்லாமல் இருக்கலாம். அவற்றின் புழுக்கள் அடியில் இருக்கும் தீனி மாவைக் கிளறிக்கொண்டே இருப்பதால் பூஞ்சணம் பிடிக்காது. இதில் புழுக்களே சொற்பம். மூன்று நாளைக்கு ஒரு முறை ஈக்களைப் புதுக் குப்பிக்கு மாற்றவில்லை என்றால் பூஞ்சணம் மூடிவிடும். பழைய குப்பிகளில் தப்பி வந்தவற்றையும் சேர்த்து மொத்தமே மூன்று குப்பிகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து ஈக்கள். இன்னொரு இடத்தில் கொடுத்து வைக்கிற அளவுக்குக்கூட அவை பெருகவில்லை. அவளுடைய ஆய்வேடு முழுக்க அந்த மூன்று குப்பிகளில்தான் இருந்தது.

அந்த வருடம்தான் மாணவர்களே சேர்ந்து ஒரு சர்வதேச மாநாடு நடத்துவது என்று முடிவானது. இலங்கையிலிருந்து இரண்டு பேர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், எங்கிருந்தோ தவறி வந்த ஒரு ஜெர்மன்காரர். சர்வதேசம் என்று போட்டுக்கொள்ள அது போதாதா. பழைய மாணவர்களை அழைத்து, படிப்பு முடிந்தபின் என்ன செய்தார்கள் என்று பேசவைக்கும் அமர்வு என் பொறுப்பு. கால் தரையில் படவில்லை எனக்கு. அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதும், பதில் வந்தால் அதைத் தாளில் அச்செடுத்து எல்லோருக்கும் காட்டுவதுமாக இரண்டு மாதம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

வியாழன் முதல் ஞாயிறு வரை மாநாடு. சனிக்கிழமை தன் ஈக்களைப் பற்றி அவளும் பேசுவதாக இருந்தது. புதன்கிழமை ஹாஸ்டலுக்குப் போன் வந்தது. அவளுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக ஈ அறைக்கு வந்தாள்.

"நாளைக்கு ஒரு தடவ, சனிக்கிழமை ஒரு தடவ. மாத்திட்டா போதும்டி. பழைய குப்பியத் தூக்கிப் போட்டுடாத, அதுல முட்டை இருக்கும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? உன் ஈய நான் பாத்துக்கறேன். நீ போய் அம்மாவப் பாரு."

"உனக்கு ஆயிரம் வேல இருக்கு. சார்கிட்ட சொல்லி வேற யாரையாவது பாக்கச் சொல்லட்டுமா?"

"பத்து நிமிஷ வேல இது. இதுக்குப் போய் சார் எதுக்கு? சும்னே டென்ஷன் ஆகாத, கெளம்பு."

வேறு யாரிடமாவது கொடுத்திருப்பாள். அந்த வழியையும் நான்தான் அடைத்தேன்.

வியாழக்கிழமை விமானம் தாமதம், ஏர்போர்ட்டில் காத்திருந்து விருந்தினரை அழைத்துவர மாலையாகிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை ப்ரொஜெக்டரில் பல்பு போய், அதற்கு ஊரெல்லாம் அலைந்தோம். சனிக்கிழமை மதியம் அரை மணி நேரம் கிடைத்தது. சாவியை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பழைய மாணவி இறங்கி வந்தார். சொந்தமாக ஆய்வுக்கூடம் நடத்துகிறவர். அவர் பேசப் போகிறார் என்றுதான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். "உங்க வேலையப் பத்திக் கேக்கணும்னு நெனச்சேன். ஒரு காபி குடிக்கலாமா?" என்றார்.

கேன்டீனில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். படிப்பு முடிந்ததும் எழுதச் சொன்னார். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் தன் மின்னஞ்சல் முகவரியை அவரே எழுதிக் கொடுத்தார். என் சட்டைப் பையில் ஈ அறைச் சாவி இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். மறக்கவில்லை. ஞாபகம் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. 'எழுந்து போ, பத்து நிமிஷம்தான்' என்று மனது சொல்லச் சொல்ல, நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அமர்வு, விருந்து, மறுநாள் வழியனுப்புவது, போட்டோ. அந்தப் போட்டோவில் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருப்பவள் நான்தான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஈ அறையைத் திறந்தேன். இரண்டு குப்பிகளில் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சடைத்த மாதிரி மூடியிருந்தது, ஈக்கள் மாவில் ஒட்டிச் செத்துக் கிடந்தன. மூன்றாவதிலும் அப்படித்தான். ஆனால் அதில் மாவுக்கு மேலே, கண்ணாடிச் சுவரில், மூன்று கூட்டுப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் இறக்கை கறுத்துத் தெரிந்தது. இறக்கை கறுத்தால் ஒரு நாளில் ஈ வெளியே வந்துவிடும். ஓர் ஆண் ஈ கிடைத்தாலும் போதும், வேறு நல்ல பெண் ஈயோடு சேர்த்து அந்த வம்சத்தை மீட்டுவிடலாம். இது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் தொழிலில் முதல் வருடப் பாடம்.

அப்போதுதான் எங்கள் ஆய்வு வழிகாட்டி கதவருகே வந்தார். மாநாடு நன்றாக நடந்ததற்குப் பாராட்டத்தான் வந்தார், பாவம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மைட்ஸ், சார்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. மைட் என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் உண்ணி. எங்கிருந்தாவது வந்து குப்பிக்குள் புகுந்தால் முட்டைகளைத் தின்றுவிடும். ஓர் அறையில் வந்தால் எல்லாக் குப்பிக்கும் பரவும். அதனால் எல்லா ஈ ஆய்வுக்கூடங்களிலும் ஒரே சட்டம்: மைட் பிடித்த குப்பியைத் திறக்காமல், யாரையும் கேட்காமல், அந்த நிமிடமே ஃப்ரீசரில் போட்டுவிட வேண்டும். யார் மீதும் பழி வராத சாவு அது. அதனால்தான் என் நாக்கு அதைப் பொறுக்கி எடுத்தது போலிருக்கிறது.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, "உடனே போடு" என்றார். அங்கேயே நின்றார். முதல் குப்பியைப் போட்டேன். இரண்டாவதையும் போட்டேன். மூன்றாவது கையில் இருந்தது. இல்லை சார், மைட் இல்லை, நான் மாற்றவில்லை, இதில் உயிர் இருக்கலாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். திட்டியிருப்பார். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். அவ்வளவுதானே. போட்டேன். கதவையும் சாத்தினேன். அந்த மூன்று கூட்டுப்புழுக்களில் எது பிழைத்திருக்கும், எதுவுமே பிழைத்திருக்காதா, எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

அன்றே பகல் ரயிலில் வந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, ஹாஸ்டலுக்குக்கூடப் போகாமல் அவள் நேரே வந்தாள். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்திருந்தது. மைட் வந்துவிட்டது என்றே அவளிடமும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு இவ்வளவு நிதானமாகப் பேச வரும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. அவள் அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் குப்பிக்கு ஒண்ணும் பரவலயே?" என்றாள் முதலில்.

பிறகு, "என் தப்புதான்டி. போன மாசம் வேற லேப்லேந்து ஈ வாங்கிட்டு வந்தேன்ல, தனியா வெக்காம பக்கத்துலயே வெச்சேன். அதுலேந்துதான் வந்திருக்கும்" என்றாள்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. வழிகாட்டி அவளைக் கூப்பிட்டு, கைவசம் இன்னொரு தொகுதி வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று கடிந்துகொண்டார். என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சரியான நேரத்தில் பார்த்து மற்ற ஈக்களைக் காப்பாற்றினேனாம். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். அவள் அந்த வாரம் முழுக்கத் தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். என் தட்டுகளையும் அவளே துடைத்தாள். கை தோலுரிந்தது. இல்லாத உண்ணியை மைக்ராஸ்கோப்பில் நாளெல்லாம் தேடினாள்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆனால் அந்தக் கை போய்விட்டது. ஒரு குப்பியை நாலு முறை பார்ப்பாள், எழுதி வைத்ததைத் திரும்பச் சரிபார்ப்பாள், எதையும் நம்ப மாட்டாள். எட்டு மாதம் ஓட்டினாள். "என் கைக்கு ராசி இல்லடி. சிலருக்கு இது அமையாது" என்று சொல்லிவிட்டு, புத்தகங்களை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்காவது தன் கையை நம்பியிருப்பாள். எனக்கு ஆய்வேடு முடிய வேண்டும், வழிகாட்டியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும், கேன்டீனில் கிடைத்த முகவரி வேண்டும். எல்லாம் கிடைத்தன. அமெரிக்காவில் அந்தப் பழைய மாணவியின் ஆய்வுக்கூடத்தில்தான் நான்கு வருடம் இருந்தேன். அங்கே என் கையைப் புகழும்போதெல்லாம் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கும்.

பெங்களூருக்குத் திரும்பி ஒரு கம்பெனியில் சேர்ந்த மறுவருடம், அதே மாநாட்டை நடத்தும் பிள்ளைகள் என்னைப் பேச அழைத்தார்கள். மேடையில் நின்று, பொறுமை வேண்டும், விழுந்தாலும் எழ வேண்டும் என்று இருபது நிமிடம் அளந்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் நான்காவது வரிசையில் அவள் கை தட்டிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி ஜீவனஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்தாள். ப்ளஸ் டூ பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

டீ நேரத்தில் அவர்களை என்னிடம் அழைத்து வந்தாள். ஒரு பெண், "மிஸ், நீங்க ஏன் ஆராய்ச்சிய விட்டுட்டீங்க?" என்று கேட்டாள். "அதுக்கெல்லாம் இவங்க மாதிரி கவனம் வேணும்மா" என்று என்னைக் காட்டிச் சிரித்தாள். பிள்ளைகளைப் பிஸ்கட் எடுத்துக்கொள்ள அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு மைட் வந்த குப்பிய உன் தலைல கட்டிட்டு ஊருக்குப் போய்ட்டேன். உன் ஈயெல்லாம் போயிருந்தா என்னாயிருக்கும். அத்தன வேலைக்கு நடுவுல நீதான் சமாளிச்ச. நான் ஒரு ஸாரி கூடச் சொல்லாம கெளம்பிட்டேன். மனசுல வெச்சுக்காதடி."

வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது. பிள்ளைகள் டீ கப்போடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கழுத்தில் விருந்தினர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"பரவாயில்லடி, விடு" என்றேன்.

அவளை நான் மன்னித்துவிட்டேன்.