நூலுக்குத்தான் வயசாகும்

படகுப் பாய் தைக்கும் பட்டறையில் அவளுக்கு ஊசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பட்டறை என்றால் ஒரு பள்ளிக்கூடமே பந்து விளையாடலாம், அவ்வளவு பெரிய மரத்தரை. நடுவில் ஒரு குழி, குழிக்குள் தையல் மெஷின், மெஷினுக்கு முன்னால் ஊசி. இருபத்தாறு வருஷம் அந்தக் குழிதான் அவளுக்கு உலகம்.

படகுக்காரர்கள் கிழிந்த பாயைத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். அவள் துணியைப் பார்க்கமாட்டாள். கட்டைவிரல் நகத்தால் தையலை ஒரு கீறு கீறுவாள். நூல் உதிர்ந்தால் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள்.

"துணி நல்லாத்தான் இருக்கு. நூல் செத்துப்போச்சு. வெயில்ல கிடந்தா துணிக்கு ஒண்ணும் ஆகாது, நூலுக்குத்தான் வயசாகும். நாலு வருஷத்துக்கு ஒருக்கா பிரிச்சுத் தைக்கணும். அப்புறம் நடுக்கடல்ல நின்னுக்கிட்டு என்னைத் திட்டாதீங்க."

இப்படி ஊருக்கெல்லாம் சொன்னவள்தான். நினைத்தால் நெஞ்சு பற்றிக்கொண்டு வருகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எல்லாரும் லிஃப்ட்காரர் என்பார்கள். நாள் முழுக்க இருட்டுக் குழாய்க்குள் மாடிக்கும் மாடிக்கும் நடுவே தொங்குகிற வேலை. இடுப்புக் கொக்கியைக் கம்பியில் மாட்டுவார், "மாட்டிட்டேன்!" என்று மேலே நிற்கிற ஆளுக்குக் கேட்கக் கத்துவார், அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைப்பார். கொக்கி மாட்டாமல் குழாய்க்குள் தலையை நீட்டியவன் எவனும் ரெண்டாம் தடவை நீட்டியதில்லை என்பது அவர் வேதம். வீட்டில் பரண்மேல் ஏறினால்கூட வாய் தன்னால் "மாட்டிட்டேன்" என்று சொல்லும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"நாள் பூரா செவுத்தையே பார்த்துட்டு இருக்கேன்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுரே இல்லாத இடத்துக்குப் போகணும்," என்றார் ஒருநாள். அப்படித்தான் அந்தப் படகு வந்தது. பழைய படகு, பதினோரு மீட்டர், உள்ளே எலிப்புழுக்கை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

படகு பழுதுபார்க்கும் யார்டில் அதை முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஞாயிறும் லீவு நாளுமாக வேலை பார்த்தார்கள். ஒன்பது வருஷம்! சாண் ஏறினால் முழம் சறுக்கும். தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்ஜின் மக்கர் செய்யும், இன்ஜினைச் சரிசெய்தால் பேட்டரி போகும். "போகாத ஊருக்கு வழி கேக்குறாங்க," என்று யார்டே சிரித்தது.

முதல் வருஷம், ஒன்றுமே ஆகாதபோது, அவள் அந்தப் படகுக்காகத் தைத்த முதல் சாமான் ரெண்டு நீளப் பட்டைகள். முன்முனையிலிருந்து பின்முனைவரை, பக்கத்துக்கு ஒன்றாக மேல்தளத்தில் படுத்துக் கிடக்கும். நெஞ்சில் கட்டிய பெல்ட்டின் கொக்கியை அந்தப் பட்டையில் மாட்டிக்கொண்டால், அலை தூக்கியடித்தாலும் ஆள் படகோடு இருப்பான். பட்டையின் ரெண்டு நுனியையும் வளையமாக மடித்து, அவளே வெள்ளை நூலில் நெருக்கித் தைத்தாள். லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே தளத்தில் கட்டிவிட்டார். அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைக்கலாமே என்றால் கேட்டால்தானே?

"கிடக்கட்டும்டி. அது கிடந்தாத்தான் இது போற படகு மாதிரி இருக்கு."

ஒன்பது வருஷம் அது வெயிலில் கிடந்தது. கட்டாந்தரையில் நிற்கிற படகில் அவர் கொக்கி மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார். "மாட்டிட்டேன்!" கீழே நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார், இருநூற்றுப் பதினாலு சாமான். முடிந்ததை ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். முதல் டிக் பட்டைக்குத்தான். கிளம்புகிற வருஷம் அவள் எல்லாப் பாயையும் நகத்தால் கீறிப் பார்த்தாள், மூன்றைப் பிரித்துப் புதிதாகத் தைத்தாள். தினம் மிதித்துக்கொண்டு நடந்த பட்டையிடம் மட்டும் குனியவில்லை. அதுதான் டிக் அடித்தாயிற்றே! ஊருக்கு உபதேசமடி பெண்ணே, அது உனக்கில்லையடி கண்ணே என்று சும்மாவா சொன்னார்கள்.

கிளம்பினார்கள். முதல் நாலு நாள் ரெண்டு பேரும் மாற்றி மாற்றி வாந்தி. பிறகு பழகிவிட்டது. நாலு மணி நேரம் அவர் காவல், நாலு மணி நேரம் அவள். ஒரே படுக்கை, இவர் எழுந்த சூட்டில் அவள் படுப்பாள். புருஷன் பெண்டாட்டி முழுசாக முகம் பார்ப்பது சாயங்கால டீக்கு மட்டும். டின்களில் ஒட்டியிருந்த காகிதங்களை யார்டிலேயே உரித்தாயிற்று, இல்லாவிட்டால் ஈரத்தில் ஊறிப்போய், தண்ணீர் இறைக்கிற பம்பை அடைத்துவிடும். மூடியில் மார்க்கரால் எழுதியதோ பாதி அழிந்துபோனது. பட்டாணி என்று திறந்தால் அன்னாசி வரும். "கல்யாணம் மாதிரியே இருக்குடி," என்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இல்லை. வாந்தி எடுத்த நாளையும் சேர்த்துப் பதினைந்து நாள் அவர் குழந்தைபோல் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பதினைந்து நாளை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

பதினாறாம் நாள் மத்தியானம், முன்பாயின் கயிறு ஒரு கொண்டியில் சிக்கிக்கொண்டது. அவள் சுக்கானில் இருந்தாள். அவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து குனிந்தார்.

"மாட்டிட்டேன்!"

முன்னால் போனார். பக்கவாட்டில் ஒரு அலை வந்து படகைச் சாய்த்தது. அவர் சறுக்கிப் படகோரத் தடுப்புக் கம்பிக்குக் கீழே போனார். பட்டை விறைத்து அவரைப் பிடித்தது, பிடிக்கத்தான் செய்தது. 'அப்பாடா' என்று அவள் மூச்சு விடுவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. பட பட படவென்று. இருபத்தாறு வருஷமாக அவள் பிரித்த தையல் ஒவ்வொன்றும் போட்ட சத்தம் அது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முன்நுனி வளையம் திறந்துகொண்டது, கொக்கி பட்டையிலிருந்து உருவிக்கொண்டு போனது, அவரும் போனார்.

மிதவையை எறிந்தாள், பாயை இறக்கினாள், இன்ஜினைப் போட்டுத் திருப்பினாள். அலை ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். ஒரு தடவை அவர் கை தெரிந்தது. அதற்குப் பிறகு தெரியவில்லை. இருட்டும்வரை சுற்றினாள், விடிந்ததும் சுற்றினாள், மறுநாளும் சுற்றினாள். தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது. பாவி, கத்துவதற்குக்கூடக் குரல் இல்லாமல் பதினொரு நாள் தனியாகப் படகை ஓட்டிக் கரை சேர்ந்தாள்.

துறைமுக ஆபீசில் ஒரு அதிகாரி கேட்டார். "கொக்கி மாட்டியிருந்தாராம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். நான் தைத்த தையல் விட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும்.

"தெரியல சார். நான் சுக்கான்ல இருந்தேன்."

மாட்டவில்லை என்று கருதப்படுகிறது என எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டாள்.

லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு அக்கா, தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஊசி அவளை அண்ணி என்பாள். ஞாயிறு தோறும் அண்ணி வருவாள், டீயைக் கையில் வைத்துக்கொண்டு செத்தவனைத் திட்டுவாள்.

"சோம்பேறிப் பய! ஒரு கொக்கி மாட்ட உடம்பு வளையல அவனுக்கு. உன்னை அந்தரத்துல விட்டுட்டுப் போனானே, அவனுக்குப் பொறுப்புன்னு ஒண்ணு இருந்துச்சா?"

ஒவ்வொரு ஞாயிறும் இதே பாட்டு. ஊசி தலையைக் குனிந்துகொள்வாள். படகிலிருந்து அவிழ்த்து வந்த அந்தப் பட்டை பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. ஒன்றரை வருஷம் இப்படிப் போனது.

ஒரு ஞாயிறு அண்ணி சொன்னாள்: "அவன் போட்டோவை எடுத்து உள்ள வெச்சுட்டேன். பார்த்தாலே ஆத்திரமா வருது."

ஊசி எழுந்து போய்ப் பட்டையைக் கொண்டுவந்தாள். ஒரு நுனி திறந்து கிடந்தது. இன்னொரு நுனி அப்படியே வளையமாக இருந்தது. அதை அண்ணி கையில் கொடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் இழுங்க அண்ணி."

"எதுக்குடி?"

"இழுங்க."

அண்ணிக்கு வயது அறுபத்தெட்டு, முழங்கையில் வாதம். வளையத்துக்குள் ரெண்டு விரலை விட்டு இழுத்தாள். பட பட படவென்று அது திறந்துகொண்டது. மடியெல்லாம் வெள்ளை நூல் துகள்.

"அவரு மாட்டியிருந்தாரு அண்ணி. மாட்டிட்டேன்னு கத்தவும் கத்தினாரு. நான் தைச்சது விட்டுப்போச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும், பார்க்கலை. தெரியலைன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

அண்ணி மடியில் விழுந்த துகளைத் தட்டவில்லை. டீ ஆடை கட்டிப்போனது.

"நூல் விட்டுப்போச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன்டி. யாருக்கும் நடக்கும். ஆனா ஒன்றரை வருஷமா என் வாயால என் புள்ளையத் திட்ட வெச்சியே. எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தியே. இதை நான் எங்க போய்ச் சொல்லி அழ?"

அண்ணி பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உலகத்தில் அவரைப் பற்றி அவளோடு பேச மிச்சமிருந்தது அந்த ஒரே வாய்தான்.