லாரியைத் திருப்பிய பாவாடை

“மார்கழி 27. காலையில் அறுப்புக்கு வெளியூர் ஆட்களோடு லாரி வந்தது. யாரும் இறங்காமல் திரும்பிப் போய்விட்டது. அப்பா சாப்பிடவில்லை. நான் தலைவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை.”

நாற்பது பக்க நோட்டில், பதினோரு வயதில், பென்சிலால் நான் எழுதிய குறிப்பு இது. அதற்குப் பிறகு நாட்குறிப்பு எழுதாத நாள் இல்லை. தபால் ஆபீஸ் உத்தியோகம், கல்யாணம், ஓய்வு, மழை பெய்த நேரம் எல்லாம் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. தேதி விஷயத்தில் என்னோடு பந்தயம் கட்டி வீட்டில் யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் முதல் நோட்டின் இந்தக் குறிப்பில் ஒரு வரி குறைகிறது. வேண்டுமென்றேதான் விட்டேன்.

போன வருஷம் என் தம்பி சென்னையிலிருந்து போன் செய்தான். சினிமா இயக்குநர், அதுவரை மூன்று படம் எடுத்திருந்தான்.

“அக்கா, அந்தப் பழைய நோட்டு இருக்கா? நம்ம வீட்டுக் கதையைத்தான் எடுக்கப்போறேன்.”

“எந்தக் கதைடா?”

“அப்பாவுக்கு வேலை போன கதைதான். ஜனங்க சிரிச்சுக்கிட்டே அழுவாங்க பாரு.”

“அழுவுறதுக்கு நம்ம வீட்டு ஆளுங்க பத்தலையாக்கும்?” என்றேன். குரலில் ஒன்றும் தெரியவிடவில்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பிவிட்டு அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

விஷயம் இதுதான். குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்பா ஒரு மிராசுதாரிடம் காரியஸ்தராக இருந்தார். பண்ணைக்கு ஆள் வைப்பது முதல் அறுவடையை நின்று முடிப்பது வரை அவர் பொறுப்பு. அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டாவது சம்பா அறுப்பு அது. கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டித் தரச்சொல்லி ஊர் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்திருந்தார்கள். பேச்சு முடியும்வரை வயலில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். கொடி நட்ட வயலில் உள்ளூர்க்காரர் மட்டுமல்ல, வெளியூர்க் கூலி ஆளும் கால் வைப்பதில்லை. எங்கள் வீட்டை ஒட்டிய வயல் ஒன்றில்தான் கொடி இல்லை. அதை அறுக்க லாரியில் ஆள் கொண்டுவரச் சொன்னார் மிராசுதார். சொன்னபடி ஏற்பாடு செய்தவர் அப்பா.

முந்தின நாள் சாயங்காலம், பொங்கலுக்கென்று எடுத்த சிவப்புப் பாவாடையை அம்மாவுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனேன். வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். அலசிப் பிழிந்து வீட்டில் துணிக்கொடியில் போட்டால் அடி நிச்சயம். வீட்டை ஒட்டிய அந்த வயலின் வரப்பில், கிளி விரட்டுவதற்காக ஒரு மூங்கில் கழி நின்றது. அதன் உச்சியில் நாடாவால் கட்டிவிட்டு வந்தேன்.

காலையில் எடுக்கப் போனபோது ரோட்டில் லாரி நின்றது. பனிமூட்டத்தில் அவர்களுக்குச் சிவப்பு மட்டும் தெரிந்திருக்கிறது. “கொடி நட்டிருக்குங்க. நாங்களும் கூலிக்காரங்கதாங்க” என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. லாரி போனதும் பாவாடையை அவிழ்த்துப் பாய்க்கடியில் வைத்துவிட்டேன். பிறகு பண்ணையிலிருந்து ஆள் வந்து பார்த்தால் வெறுங்கழி. காரியஸ்தரே கொடி நட்டு, காரியம் முடிந்ததும் ஒளித்துவிட்டார் என்று தீர்மானமாயிற்று. இரண்டே நாளில் அரை மரக்கால் கூட்டிக் கொடுத்து ஊர் ஆட்களையே அறுக்க விட்டார்கள். அப்பாவை மட்டும் அனுப்பிவிட்டார்கள். பொங்கல் கழிந்து, மன்னார்குடியில் ஒரு ராவுத்தரின் அரிசி மண்டியில் அப்பா சேர்ந்தார். பொங்கலன்று அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டேன். அழகாயிருக்கு என்றார் அப்பா. அதையும் நான் எழுதவில்லை.

படம் முடிந்ததும், ஊர்க்காரர்களுக்கென்று மன்னார்குடியில் ஒரு தியேட்டரைக் காலைக் காட்சிக்கு எடுத்து, முதலில் அங்கே போட்டுக் காட்டினான் தம்பி. வேன் வைத்து எல்லோரையும் அழைத்துவந்தான். எனக்குப் பக்கத்து இருக்கையில், அந்த நாளில் எங்கள் வயலில் நடவு நட்ட அம்மாள். எண்பதை நெருங்குகிறவர், கணவர் இறந்துவிட்டார்.

திரையில் ஏழு வயதுப் பையன் தம்பி. நோட்டும் பென்சிலுமாக எப்போதும் எரிச்சலூட்டும் அக்கா ஒருத்தி வந்தபோதெல்லாம் தியேட்டர் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வரப்பு வந்தது. மூங்கில் கழி வந்தது. அதன் உச்சியில் பாவாடை.

தம்பிக்கு எப்படித் தெரியும்?

விடிகாலையில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா வருகிறார். அண்ணாந்து பார்க்கிறார். மகளுடைய பாவாடை என்று தெரிகிறது. எடுக்கக் கை நீட்டுகிறார். தூரத்தில் லாரிச் சத்தம். கையை இறக்கிக்கொள்கிறார். பிறகு பாவாடையின் ஓரத்தைப் பிடித்துப் பனியைப் பிழிந்துவிட்டு, நன்றாகக் காற்றில் பறக்கும்படி விரித்துவிட்டுப் போகிறார்.

தியேட்டரே கைதட்டியது. பக்கத்து அம்மாள் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

“அட பாவி மனுசா! ‘அது நான் நட்ட கொடி’ன்னு சொல்லித்தானே எங்க வீட்டுக்காரரு என்னைக் கட்டிக்கிட்டாரு! முப்பது வருசம் சாமி, கூட்டத்துக்குக் கூட்டம் அவருக்கு மாலை வேற போட்டாங்க!”

“உட்காருங்க ஆத்தா, படம் மறைக்குது” என்றது பின்வரிசை.

“மறைச்சா மறைக்கட்டும், என் கல்யாணமே பொய்யிங்கிறான், நான் உட்காரணுமாம்!” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வெளியே டீக்கடையில் தம்பியைப் பிடித்தேன்.

“பாவாடை விஷயம் உனக்கு யாருடா சொன்னது?”

“அப்பாதான். கடைசியா ஆஸ்பத்திரில படுத்திருந்தாருல்ல, அப்ப. ‘உங்க அக்கா பாவாடைதாண்டா. எடுத்திருக்கலாம். எடுக்க மனசு வரல. ஊர் ஆளுங்க மொகத்துல அப்புறம் எப்படி முழிக்கிறது’ன்னாரு. ‘அவகிட்ட கேக்காத, வெக்கப்படுவா’ன்னும் சொன்னாரு.”

“நெசமாவா?”

“ஏங்க்கா, சினிமாக்காரன் சொன்னா நம்பக்கூடாதா?” என்று சிரித்தான். டீயை என் கையில் கொடுத்தான். அதை முழுக்கக் குடித்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ வந்து அலட்டிக்கொள்ளாமல் தூக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பகலிலேயே நன்றாகத் தூங்கினேன்.

எழுந்ததும் பழக்கம் விடவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பங்குனி மாதத்து நோட்டைத் தேடி எடுத்தேன். தம்பி படப்பிடிப்பிலிருந்து வந்து பார்த்தது ஒரே ஒரு நாள், பங்குனி 11. அன்றைய குறிப்பு: “தம்பி வந்தான். அப்பா கண் திறந்தார், பேசவில்லை. மத்தியானம் மருந்து வாங்கப் போனேன்.” மருந்துக்கடைக்குப் போய்வர அரைமணி ஆகியிருக்கும். அந்த அரைமணியில் அப்பா பேசினாரா, இல்லை நான் சுமந்ததை எப்படியோ கண்டுகொண்டு தம்பியே அந்தக் காட்சியை எழுதினானா என்று சொல்ல வேறு சாட்சி இல்லை. அவனிடம் மறுபடி கேட்கவில்லை.

மார்கழி 27-ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும், இந்தத் தடவை பேனாவால், இப்படிச் சேர்த்திருக்கிறேன்: “பாவாடை என்னுடையது. அப்பா பார்த்தும் எடுக்கவில்லை என்பது தம்பி சொன்னது. இன்னும் சரிபார்க்கவில்லை.”